உறக்கம் வேறு, தளர்ச்சி வேறு

வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது ஒரு கட்டு மட்டும் தனியாக உயர்ந்து நின்றது. எல்லாம் வீட்டில் இருக்கும் பெரியவர்களைப் பற்றியவை. ‘எப்போ பார்த்தாலும் படுத்தே கிடக்காங்க’, ‘உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுறாங்க’, ‘வய்யல வய்யலன்னே சொல்றாங்க’ (வய்யல என்றால் எங்கள் பக்கத்தில் ‘முடியவில்லை’). நான் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்து வருகிறவன் என்பதால் இவை எனக்குப் புதிதில்லை. ஆனாலும் இத்தனை பேர் இதை எழுதிக் கேட்கிறார்கள் என்பதே நல்ல விஷயம். சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. ஆறு மாதத்துக்கு முன்புவரை விடியுமுன் எழும்பி முற்றம் தூத்து, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, கஞ்சி வைத்த பிறகுதான் எங்களை எழுப்புவார். இப்போது பத்து மணிக்கே ‘வய்யல மக்கா’ என்று படுத்துவிடுகிறார். படுத்தாலும் கண் மூடுவதில்லை, கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். இரவு உறக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை உண்டு. காட்டிய டாக்டர் ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று டானிக் எழுதித் தந்தார். வயசுதானா? (வாசகி, திருவட்டார்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி ‘படுத்தாலும் கண் மூடுவதில்லை’ என்பதுதான். உங்கள் அம்மாவுக்கு இருப்பது தளர்ச்சி, உறக்கம் இல்லை. இரண்டையும் நம் ஆட்கள் ‘அசதி’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள், மருத்துவரிடமும் அப்படியே சொல்கிறார்கள், அவரும் அப்படியே எழுதிக்கொள்கிறார். உறக்கம் என்றால் உட்கார்ந்தால் இமை இறங்கும், தலை சாயும், கொஞ்சம் உறங்கி எழும்பினால் தெளியும். தளர்ச்சி என்றால் கண் விழித்திருக்கும், உடம்பு மட்டும் சொன்னபடி கேட்காது, எவ்வளவு படுத்தாலும் தெளியாது. முதலாவதற்கு இரவில் என்ன நடக்கிறது, என்ன மாத்திரை உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ரத்தத்தையும் மனதையும் காலையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தே வருகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு நடையும் எழும்பி உட்காருவதும் இன்னும் வேகமாகக் குறையும்.

சரி, வயசுதானா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆறு மாதம் முன்பு அவருக்கு எழுபத்தொன்றரை வயது. எழுபத்தொன்றரையில் குழை ஒடித்தவர் எழுபத்திரண்டில் ஓட்டைப் பார்த்துக் கிடக்கிறார் என்றால் அதற்கு வயது எப்படிக் காரணமாகும்? வயது மெதுவாகத்தான் வேலை செய்யும். மாதக் கணக்கில் ஒருவரைக் கீழே இறக்கினால் வேறு ஏதோ ஒன்று நடக்கிறது என்று பொருள், அதைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12க்குக் கீழே, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனத்தின் அளவு சொல்கிறது, வயதானவர்கள் என்பதற்காக அதில் சலுகை கிடையாது. அப்படி இருந்தால் இரும்புச் சத்து மாத்திரையோடு விடாமல், ரத்தம் எங்காவது கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும், மலம் கறுப்பாகப் போகிறதா, மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கி மாத்திரை விழுங்குகிறாரா என்று கேளுங்கள். தைராய்டு, சிறுநீரகம், ரத்தத்தில் உள்ள உப்பான சோடியம், பி12 இவற்றையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மா சுகருக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறார் என்றால் பி12 குறைய வாய்ப்பு அதிகம், அது தளர்ச்சியோடு பாதத்தில் மரத்துப்போன உணர்வையும் நடையில் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். படுத்திருக்கும்போது ஒரு முறையும் எழும்பி நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பிரஷர் பார்க்க வேண்டும், மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் அவர் நிற்கப் பயந்து படுக்கிறாராக இருக்கலாம்.

சோடியத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், அது என் வீட்டில் நடந்தது. என் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள், புதியதில் நீர் பிரியச் செய்யும் மருந்தும் கலந்திருந்தது. மூன்றாவது வாரம் போனில் ‘தளர்ச்சியா இருக்குடா’ என்றார். கொடும் வெயில் காலம். ‘வெயில்தாம்மா, மோர் குடி’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். நேரில் போனபோது அடுக்களையில் நின்றிருந்தார், கஞ்சிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து அடுப்பிலிருந்து இறக்கப் பார்த்தார், அது அசையவே இல்லை. வெறும் இரண்டு படிப் பாத்திரம். சோடியம் 121 இருந்தது, 135க்கு மேல் இருக்க வேண்டியது. மாத்திரையை மாற்றி, மருத்துவமனையில் வைத்து மெதுவாக ஏற்றி, பத்து நாளில் பழைய ஆளாகிவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பெரியவர் தளர்ச்சி என்றாலும், கடைசியாக மாத்திரை மாறியது எப்போது என்பதுதான் என் முதல் கேள்வி. நீங்களும் அம்மாவின் எல்லா மாத்திரைகளையும், கடையில் கேட்டு வாங்கியது, பக்கத்து வீட்டில் கொடுத்தது, நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அப்படியே டாக்டர் மேசையில் கொட்டுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், வருத்தப்படாதீர்கள். இந்த ஆறு மாதத்தில் அம்மாவுக்கு ஏதாவது போயிருக்கிறதா? அப்பாவா, கூடப் பிறந்தவர்களா, வளர்த்த ஆட்டை விற்றீர்களா? வயதானவர்களின் மனச்சோர்வு அழுகையாக வருவது குறைவு, ‘வய்யல’ என்றுதான் வரும். அதற்கும் சிகிச்சை உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும்.

அப்புறம் கால். அம்மாவைக் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார வையுங்கள், நாற்காலி சுவரோடு ஒட்டி இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழும்பி உட்காரச் சொல்லுங்கள். 12 வினாடிக்குள் முடிக்க வேண்டும், நம் ஆசிய நாட்டவர்களுக்கென்று வகுத்த அளவு இது. அதற்கு மேல் ஆனாலோ, கையை ஊன்றாமல் எழும்ப முடியாவிட்டாலோ தொடைத் தசை கரைந்திருக்கலாம். ஓய்வெடுத்தால் தெம்பு வரும் என்று எல்லோரும் நம்புகிறோம். ஆனால் 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நோய் எதுவும் இல்லாத முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள், ஏறக்குறைய ஒரு கிலோ தசை அவர்கள் கால்களிலிருந்து போய்விட்டது. தளர்ச்சி என்று படுக்கிறோம், படுத்ததால் தசை போகிறது, தசை போனதால் அடுக்களைக்கு நடப்பதே மலை ஏறுவது போலாகிறது, மறுபடியும் படுக்கிறோம். காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தாலும் இந்தச் சுழல் தானாக நிற்காது. அதனால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல், நெஞ்சுவலி மூச்சுத்திணறல் இல்லை என்றால், நாளையே காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை அந்த நாற்காலியில் எழும்பி உட்காரட்டும். முதல் வாரம் கையை ஊன்றிக்கொண்டாலும் பரவாயில்லை.

*

கேள்வி: 42 வருஷம் ரப்பர் பால் வெட்டினேன். இப்போது வயது 69, வெட்டை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. இரவு எட்டுக்குப் படுத்தால் இரண்டரைக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் உறக்கமில்லை. பகலில் பேப்பர் படித்தால் உறங்கிவிடுகிறேன், டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் உறங்கிவிட்டேன். குறட்டை பயங்கரம் என்று வீட்டுக்காரி திண்ணைக்குப் போய்விட்டாள். (வாசகர், குலசேகரம்)

பதில்: அண்ணாச்சி, உங்களிடம் இரண்டு விஷயங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

இரண்டரை மணி முழிப்பு உங்கள் தொழில் விட்டுச்சென்றது. குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் கொடுக்கும் என்பதற்காக நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நாற்பது வருஷம் இருட்டில் போனீர்கள், உடம்பின் கடிகாரம் அந்த நேரத்தை மறக்கவில்லை. வயது கூடும்போது எல்லோருக்குமே உறக்கம் முன்னால் நகரும், உங்களுக்கு அது ஏற்கெனவே நகர்ந்திருந்தது. எட்டிலிருந்து இரண்டரை வரை ஆறரை மணி நேரம், இந்த வயதுக்குத் தேவை ஏழிலிருந்து எட்டு, ஆக குறைவது அரை மணியோ ஒன்றரை மணியோதான். மாலை ஐந்துக்கு மேல் வீட்டுக்குள் இருக்காமல் வெளிச்சம் இருக்கும்வரை வெளியே நடங்கள், மாலை வெளிச்சம் கடிகாரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளும். படுப்பதை வாரத்துக்கு கால் மணி நேரமாகத் தள்ளி ஒன்பதரைக்குக் கொண்டு வாருங்கள். பாலில்லாத கட்டன்சாயாகூட பகல் இரண்டு மணியோடு போதும். மத்தியானம் உறங்குங்கள், தப்பில்லை, ஆனால் அரை மணி நேரம், மூன்று மணிக்கு முன்.

ஆனால் டீக்கடையில் பேச்சுக்கு நடுவில் உறங்கினீர்கள் பாருங்கள், அது கடிகாரத்தால் வருவதில்லை. குறட்டையையும் அதையும் சேர்த்துப் பார்த்தால் இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றுதான் எனக்குச் சந்தேகம். தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைக்கும், பத்து வினாடி, சிலருக்கு அதற்கு மேலும் மூச்சு இருக்காது, மூளை பதறி எழுப்பும், மறுபடியும் உறங்குவோம், இப்படி ஒரு மணி நேரத்தில் பல தடவை. காலையில் நமக்கு எதுவும் நினைவிருக்காது, நன்றாக உறங்கியதாகவே தோன்றும். இதற்குச் சாட்சி பக்கத்தில் படுத்தவர் மட்டும்தான். அதனால் அக்காவைத் திண்ணையிலிருந்து ஒரு இரவு மட்டும் உள்ளே கூப்பிட்டு, குறட்டை சட்டென்று நின்று, அமைதியாகி, அப்புறம் ஒரு திணறலோடு தொடங்குகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

1991இல் மெல்போர்னில் முர்ரே ஜான்ஸ் என்ற மருத்துவர் உறக்கத்தை அளக்க எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவைக் கொடுத்தார், எப்வொர்த் அளவு என்று பெயர். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகப் போகும்போது, ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இப்படி எட்டுச் சூழல்கள், ஒவ்வொன்றிலும் உறங்கிவிட எவ்வளவு வாய்ப்பு என்று பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24இல் பத்துக்கு மேல் போனால் பரிசோதிக்க வேண்டும். பேச்சுக்கு நடுவில் உறங்குகிறவர் பத்தைத் தாண்டாமல் இருப்பது அபூர்வம். காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பாருங்கள், ஓர் இரவு உறக்கப் பரிசோதனை சொல்வார்கள். மூச்சுத் தடை உறுதியானால் முகத்தில் மாட்டும் காற்றுக் கருவி உண்டு, முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பழகினவர்கள் அப்புறம் விடமாட்டார்கள். அதுவரை மல்லாந்து படுக்காதீர்கள், இரவில் குடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், பைக் மொபெட் எதையும் தொடாதீர்கள். குலசேகரத்துச் சாலைகளின் வளைவுகள் உங்களுக்கே தெரியும்.

*

கேள்வி: பாட்டி ஆறு வருஷமாக உறக்க மாத்திரை சாப்பிடுகிறார். பகலெல்லாம் கிறக்கம். நிறுத்திவிடலாமா? (வாசகர், தக்கலை)

பதில்: நிறுத்த வேண்டியதுதான், ஆனால் இன்று இரவே அல்ல. அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்றவை முதியவர்களின் உடம்பில் நீண்ட நேரம் தங்கும், பகல் கிறக்கம், தள்ளாட்டம், மறதி, விழுந்து இடுப்பு எலும்பு முறிவது எல்லாம் இவற்றின் பின்னால் வருபவை. ஆறு வருஷம் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே கேட்டு, வாரக்கணக்கில், தேவையானால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் கடையில் தரும் அவில் போன்ற மாத்திரைகளும் இதே கிறக்கத்தைத் தரும், பாட்டியின் டப்பாவில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

*

கேள்வி: மாமனாருக்கு 78. மூன்று வாரம் முன்பு குளிமுறியில் வழுக்கி விழுந்தார், தலையில் லேசாகத்தான் இடித்தது, ரத்தம் வரவில்லை. ஸ்டென்ட் வைத்ததால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வாரமாக எப்போதும் உறக்கம், கஞ்சி குடிக்கும்போதே கண் சொருகுகிறது, நடையும் ஒரு பக்கமாக இழுக்கிறது. (வாசகி, குளச்சல்)

பதில்: உங்கள் எண் கடிதத்தில் இருந்ததால் பிரித்த அன்றே கூப்பிட்டு, உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். வயதாகும்போது மூளை கொஞ்சம் சுருங்கும், மூளைக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவில் ஓடும் சிறிய ரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான இடியிலும் அவை கசியும், அந்தக் கசிவு மெதுவாக வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். விழுந்த அன்று எல்லாம் நன்றாக இருந்ததே என்று வீட்டில் மறந்திருப்பார்கள். தலையை சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும், பெரிதாக இருந்தால் மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு வெளியேற்றுவார்கள், நேரத்துக்குப் போனால் நடந்தே வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

மாதக்கணக்கில் வரும் உறக்கத்துக்குத்தான் இந்தப் பகுதியில் கேள்வி அனுப்ப வேண்டும். நாள்கணக்கில் கூடும் உறக்கத்துக்கு அன்றைக்கே மருத்துவமனை. காய்ச்சலே இல்லாமல் நெஞ்சுச் சளியும் சிறுநீர்த் தொற்றும் முதியவர்களுக்கு உறக்கமாகவும் உளறலாகவும் வரும். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உறங்குகிறவருக்கு சுகர் இறங்கியிருக்கலாம், விழுங்க முடிந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் 108. உணர்வில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேராக 108.

*

கேள்வி: தளர்ச்சிக்கு எந்த சத்து மாவு நல்லது? (வாசகி, அருமனை)

பதில்: மாவு வாங்கும் காசுக்கு சாளை மீன் வாங்குங்கள். நம் பெரியவர்கள் பல்லில்லாமல் போனதும் மீனையும் பயறையும் விட்டுவிட்டுக் கஞ்சித் தண்ணீரும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாயாவும் என்று இறங்கிவிடுகிறார்கள். மரச்சீனியில் வயிறு நிறையும், புரதம் நூறு கிராமுக்கு ஒரு கிராம்தான். தசைக்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை, ஐம்பது கிலோ இருக்கும் பாட்டிக்கு நாளைக்கு ஐம்பதிலிருந்து அறுபது கிராம். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது, ஒரு முட்டையில் ஆறு. முள் எடுத்து மசித்த மீன், கஞ்சியோடு நன்றாக வெந்த சிறுபயறு, மோர், அவ்வளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தேங்காய்ச் சிரட்டை அளவு சோற்றோடு எழும்பிவிடுகிறார் என்றால், பல்செட் பொருந்துகிறதா, வாயில் புண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*

கேள்வி: நான் சவூதியில் தம்மாமில் இருக்கிறேன். அப்பாவுக்கு 80, ஊரில் தனியாக, கூட ஒரு ஹோம் நர்ஸ். வீடியோவில் கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்கிறார், நர்ஸ் ‘எப்பவும் உறக்கம்தான் சார்’ என்கிறார். தூரத்திலிருந்து என்ன செய்ய? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, இந்த மாவட்டத்தில் நான் போகிற வீடுகளில் பாதி உங்கள் வீடு போலத்தான். பெரிய வீடு, டைல்ஸ் தரை, கட்டிலுக்கு நேரே டிவி, ஒரு பெரியவர், ஒரு நர்ஸ். போன மாதம் ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். ஐயாவுக்குத் தாகம், கை நீட்டினார், அந்தப் பெண் ஓடி வந்து டம்ளரை வாயிலேயே வைத்தார். பேப்பரும் கைக்கே வந்தது, சாயாவும் கைக்கே வந்தது, பாத்ரூமுக்கு மட்டும்தான் அவர் எழும்புகிறார், அதற்கும் சக்கர நாற்காலி. அந்தப் பெண்ணுக்கு அவர் மேல் உண்மையான அன்பு, விழுந்துவிட்டால் என்ற பயமும் உண்டு. ஆனால் ஆறு மாதத்தில் அவர் நடையை மறந்திருந்தார். செய்ய எதுவும் இல்லாத ஆள் உறங்காமல் என்ன செய்வார்?

உங்கள் நர்ஸிடம் முதலில் இதைக் கேளுங்கள்: எப்பவும் உறக்கம் என்றால் கண் மூடி உறங்குகிறாரா, கண் திறந்து படுத்திருக்கிறாரா? இரவில் எத்தனை தடவை மூத்திரத்துக்கு எழும்புகிறார்? மூன்று நான்கு தடவை என்றால் பகல் உறக்கத்துக்கு அதுவே போதும். சுகரையும் புரோஸ்டேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், நீர் மாத்திரை சாயங்காலம் போடுகிறார் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு, நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. காசு இருக்கிற வீட்டுக்காரர்கள் இது நமக்கில்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், இயன்முறை நிபுணர் ஒரு தடவை வந்து அவரை எழுப்பி நிறுத்தி நடக்க வைத்துக் காட்டினால் நர்ஸின் பயமும் போகும். குளிமுறியில் கைப்பிடிக் கம்பி இரண்டு, வழுக்காத பாய் ஒன்று, இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு, இவற்றை இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை லீவில் கூப்பிடுவீர்கள்தானே? ‘சாப்பிட்டீங்களாப்பா’ கேட்டு முடிந்ததும், ‘முற்றத்துத் தென்னையில் எத்தனை குலை இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். போனை நர்ஸ் பிடித்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் நடக்கட்டும். நாற்காலியிலிருந்து எழும்ப எத்தனை தடவை முயல்கிறார், எழும்பியதும் சுவரைப் பிடிக்கிறாரா, படி இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பாருங்கள். குலையின் எண்ணிக்கையையும் தேதியையும் எடுத்த நேரத்தையும் குறித்துவைத்து, அடுத்த வெள்ளி மறுபடியும் எண்ணச் சொல்லுங்கள்.